மானிப்பாய் வைத்திய வித்தியாசாலை

தமிழ் மொழியிலே வைத்தியக் கல்வி பயிற்றல் கூடுமோ கூடாதோ என்னும் வினா இந்நாளில் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. 2022ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் இந்தி மொழியில் வைத்தியப் பாடநூல்கள் வெளியிடப்பெற்ற பின்னர் இவ்வினா தமிழ்நாட்டிலும் வலுப்பெற்றது. என் வகுப்பிற் பயிலும் பிள்ளையொருவன், நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் புதல்வன், இதனையே என்பாற் கேட்டான். "ஐயா, தமிழிலே டாக்டர் படிப்புப் படிக்க முடியுமா?" என்றான். "முடியுமா என்று கேட்பானேன், முடிந்ததே, நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னரே படித்தார்கள்" என்றேன். அவன் நம்பவில்லை. பாடநூலில் இல்லாததனை உபாத்தியாயர் புனைந்து கூறுகின்றார் என்று கருதினான் போலும். அவனுக்குச் சொல்லியதனைச் சிறிது விரித்து, பிள்ளைகளை வைத்தியக் கல்விக்கு அனுப்பும் விருப்பமுடைய நம் சங்கத்துக் குடும்பத்தார் அறியுமாறு ஈண்டு எழுதுகின்றேன்.

இவ்வரலாறு நிகழ்ந்த இடம் ஈழத்து யாழ்ப்பாணம். 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனாரிமார் அங்கு வந்திறங்கினர். ஆங்கில அரசாங்கத்தார் இவர்களை யாழ்ப்பாணத்தளவில் அடக்கி வைத்தனர். அடக்கி வைத்ததே யாழ்ப்பாணத்திற்கு நன்மையாய் முடிந்தது. மற்றை இடங்களிற் பரந்து சிதறியிருக்கவேண்டிய முயற்சி அனைத்தும் அச்சிறு குடாநாட்டிலே குவிந்தது. அவர்களுள் ஜான் ஸ்கடர் என்னும் வைத்தியர் பண்டத்தரிப்பில் வைத்தியசாலை வைத்து நடத்தினார். பின்னாளில் வேலூரில் 1918ஆம் ஆண்டு மகளிர்க்கென வைத்தியப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேர்த்தியாவார். 1823இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்தர வித்தியாசாலை நிறுவப்பட்டது. அதனை நேரிற் கண்ட எமர்சன் டெனன்ட் என்னும் அரசாங்கக் காரியதரிசி, ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது அஃதென்று எழுதினார். 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் கறொல் விசுவநாதபிள்ளையவர்களும் ஆவர் என்பது கற்றோர் அறிந்ததே. அவ்விருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்கள்.

நிற்க. 1847ஆம் ஆண்டு இறுதியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் இளம் வைத்தியர். அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் நாட்டு வூஸ்டர் என்னும் ஊரில் 1822இற் பிறந்து, நியூயார்க்கில் வைத்தியம் பயின்று, 1845இற் பட்டம் பெற்றவர். ஆறுமுகநாவலர் யாழ்ப்பாணத்து நல்லூரிற் பிறந்ததும் அதே 1822ஆம் ஆண்டு. ஒருவர் சைவத்தைக் காக்கும் பொருட்டும், மற்றவர் தம் மதத்தைப் பரப்பும் பொருட்டும் நின்றவர். கொள்கையால் இருவரும் எதிரெதிர் துருவங்கள். ஆயினும் தமிழ் வசனநடையினை அச்சேற்றி வளர்த்ததில், ஒரே காலத்தில், ஒரே சிறு நாட்டிலே, இருவரும் உழைத்தனர். கிறீன் மதப்பிரசாரத்தின் பொருட்டே வந்தவர் என்பதை மறைத்தல் வேண்டா. அவர் மதம் அவரோடு. அவர் செய்த கல்விப்பணியை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

1848இல் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். அவ்வாண்டே சில இளைஞரைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கவும் தொடங்கினார். அப்போது கல்வி ஆங்கிலத்திலேயே நடந்தது. காலையில் நோயாளரைக் காண்பதும், மருந்து கூட்டுவதும், புண்ணுக்குக் கட்டுக் கட்டுவதும், எஞ்சிய நேரத்தில் நூல் கற்பதுமாக மாணாக்கர் பயின்றனர். 1850இல் அரசாங்க அதிபர் டைக் என்பவரின் முயற்சியால் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு வைத்தியசாலை எழுந்தபோது, அங்கும் கிறீனும் அவர் மாணாக்கரும் பணி செய்தனர்.

பத்தாண்டு உழைத்தபின் உடல் தளர்ந்து தாயகம் சென்ற கிறீன், 1862இல் மீண்டு வந்தார். வந்தவர் ஒரு முடிவோடு வந்தார்: இனி வைத்தியக் கல்வி தமிழிலேயே நடத்தப்படும் என்பது. அதற்கு அவர் கண்ட காரணம் மொழிப்பற்று அன்று, உலகியலே. ஆங்கிலத்திற் கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர்களுக்குச் சென்றுவிட்டனர். கிராமத்தில் வாந்திபேதியால் மாள்பவர் மாண்டுகொண்டே இருந்தனர். தமிழிற் கற்றவனுக்கோ வெளியே உத்தியோகம் இல்லை. ஆகலின் அவன் தன் ஊரிலேயே தங்குவான், தன் சுற்றத்தார்க்கே மருந்து கொடுப்பான். உத்தியோகத்துக்குப் பயன்படாமையே தமிழ்க் கல்வியின் பயன் என்று கிறீன் கண்டார்! இன்று கிராமங்களில் வைத்தியர் தங்கவில்லையே என்று வருந்துவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். எனினும், மாணாக்கன் முன்னேறும் வாயிலை அடைத்துவைத்து அவனை ஊரில் நிறுத்துவது முறையோ என்னும் ஐயமும் எனக்கு உண்டு. பிள்ளையைப் பெற்றோர் அதனை ஒப்பார்.

கற்பிக்கத் துணிந்தார், நூல் எங்கே? ஆங்கில நூல்களைத் தாமும் தம் மாணாக்கரும் இருந்து தமிழிற் பெயர்த்தனர். பெரும்பாலும் மாணாக்கர் முதலிற் பெயர்த்தெழுத, கிறீன் அதனை வரிவரியாகப் பார்த்துத் திருத்தினார். கட்டர் என்பவரின் உடற்கூற்று நூலும், "பிரசவ வைத்தியம்" என்னும் நூலும் 1850களிலேயே வெளிவந்துவிட்டன. 1867இல் "இரண வைத்தியம்", 1872இல் "மனுஷ அங்காதிபாதம்", அதே ஆண்டில் "வைத்தியாகரம்", 1875இல் "கெமிஸ்தம்", 1883இல் "மனுஷ சுகரணம்", 1884இல் "இந்து பதார்த்த சாரம்" என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் நாலாயிரத்திற்கு மேற்பட்ட பக்கங்கள். இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் என்பது, இன்றும் உலகெங்கும் வைத்திய மாணாக்கர் கைக்கொள்ளும் கிறே என்பவரின் உடற்கூற்று நூலின் பெயர்ப்பு. மூலநூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கு ஆண்டுக்குள் அது மானிப்பாயிலே தமிழ் பேசியது.

இனிச் சொல்லாக்கத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பண்டிதர்க்கு இதுவே சுவையான இடம். கிறீன் ஒரு முறை வகுத்துக்கொண்டார். ஆங்கிலச் சொல்லுக்கு ஒத்த தமிழ்ச்சொல் உளதாயின் அதனையே கொள்வது. இன்றேல் வடமொழியில் நாடுவது. அதுவும் வாயாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைத்துக்கொள்வது. இம்முறையில் எழுந்த சொற்களுட் சில வியக்கத்தக்கன. உடற்கூற்றுச் சாஸ்திரத்திற்கு "அங்காதிபாதம்" என்று பெயர். பாதாதிகேசம், கேசாதிபாதம் எனப் பிரபந்த வகைகள் நம் மொழியில் உண்டு. பாட்டுடைத் தலைவனை அடிமுதல் முடிவரை, முடிமுதல் அடிவரை புனைந்து பாடுவன அவை. புலவன் அழகு காண நோக்கிய உடம்பை வைத்தியன் நோய் காண நோக்குகின்றான். நூலின் பெயரோ அப்பிரபந்தங்களின் பெயர் போலவே ஒலிக்கின்றது. தமிழறிந்த ஒருவர் அருகிலிருந்து இப்பெயரை எடுத்துக் கொடுத்திருத்தல் வேண்டும் என்றே எமக்குத் தோன்றுகின்றது. உறுப்புக்கள் தொழிற்படும் முறையைக் கூறும் சாஸ்திரம் "சுகரணம்". கரணமாவது தொழிற்கருவி, "சு" நன்மை குறித்து முன் நிற்பது, எனவே கருவிகள் நன்கு தொழிற்படும் நிலை எனப் பொருள் கொள்ளலாம். இது சிறிது வருந்தியே பொருள்படும் சொல் என்பதை ஒத்துக்கொள்கின்றேன்.

"கெமிஸ்தம்" என்பதைக் கேட்டபோது முதலில் எனக்கு நகை உண்டாயிற்று. ஆங்கிலச் சொல்லின் வாலை அறுத்து ஓர் "அம்" ஒட்டியிருக்கின்றார்கள். பின்பு எண்ணிப் பார்த்தேன். மகரவீற்றுப் பெயராக ஆனமையின், மரம் மரத்தை என நிற்பதுபோல, கெமிஸ்தம் கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தால், கெமிஸ்தத்தின் என அத்துச் சாரியை பெற்று வேற்றுமையை ஏற்று நடக்கின்றது. வந்தவர் நம் வீட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டார்போல! திசைச்சொல்லை ஏற்பது நம் இலக்கணத்திற்குப் புதிதன்று. இடையிலுள்ள வடவெழுத்தை ஒழித்திருந்தால் இன்னும் அழகு, அம்மட்டே குறை. பின்னர் இரசாயனம் என்றும் வேதியியல் என்றும் பெயர் மாறி மாறி வந்துவிட்டமையால் கெமிஸ்தம் வழக்கொழிந்தது.

இவ்வாறு கிறீன் காலத்தில் ஏறத்தாழ அறுபது மாணாக்கர் பயிற்சி பெற்றனர்; அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலே கற்றவர்கள். 1873இல் அவர் நோயினால் தாயகம் மீண்டார். அங்கிருந்துகொண்டே எஞ்சிய நூல்களின் கையெழுத்துப் படிகளைத் திருத்தி வந்தார். 1884 மே மாதத்தில் இறந்தார். தம் கல்லறைக் கல்லில் தமிழர்க்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று பொறிக்கும்படி அவரே சொல்லி வைத்திருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. இறுதி நூலாகிய இந்து பதார்த்த சாரம் வெளிவந்ததும் அவர் இறந்த ஆண்டிலேயே.

அதன்பின் அவ்வித்தியாசாலை நிலைக்கவில்லை. தமிழுக்கு வலியில்லாமையால் நின்றது என்பார் உளர், அது தவறு. காரணங்கள் வேறு. 1870ஆம் ஆண்டு கொழும்பிலே அரசாங்கம் ஒரு வைத்தியப் பள்ளியைத் திறந்தது. வன்னி நாட்டில் பறங்கி நோயால் குடிகள் அழிந்து வருவதை ஆராய்ந்த ஜேம்ஸ் லூஸ் என்பவரின் அறிக்கையே அதற்குத் தூண்டுகோல். அப்பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. அங்குக் கற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் உண்டு. அது 1880இற் கல்லூரியாகி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. மானிப்பாய்க்கோ பின்னின்று தாங்கும் பல்கலைக்கழகம் இல்லை. வட்டுக்கோட்டை வித்தியாசாலையும் 1855இலேயே மூடப்பட்டுவிட்டது. ஒரே மனிதரின் தோளில் நின்ற கட்டடம் அது. மேலும், வைத்திய நூல் ஒருமுறை பெயர்த்தால் முடிவதன்று. ஆங்கில மூலம் சில ஆண்டுக்கொருமுறை திருத்தம் பெறும். அதற்கேற்பத் தமிழ்நூலையும் புதுக்க ஆளும் பொருளும் தொடர்ந்து வேண்டும். 1884க்குப் பிறகு அதனைச் செய்வார் இலர்.

எனினும் மானிப்பாயில் வைத்தியசாலை நின்றது. கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று பெயர் பெற்றது. 1898இல் இணுவிலில் மக்கிளவுட் வைத்தியசாலை பெண்களுக்கென எழுந்தது. பட்டினத்திலே டைக் காலத்தில் எழுந்த வைத்தியசாலை வளர்ந்து யாழ்ப்பாணத்துப் பெரிய ஆசுபத்திரியாயிற்று.

1974இல் யாழ்ப்பாணத்திற்கு ஒரு பல்கலைக்கழக வளாகம் கிடைத்தது. அதன் விஞ்ஞானப் பகுதி முதலில் எங்கே நடந்தது என்றால், பழைய வட்டுக்கோட்டையிலேயே. 1978இல் மருத்துவபீடம் தொடங்கியது. மறு ஆண்டே வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிறீன் பணிசெய்த அதே பட்டினத்து ஆசுபத்திரியே இன்று மருத்துவபீட மாணாக்கர்க்குப் போதனா வைத்தியசாலை. நூறாண்டு இடைவெளிக்குப்பின் அவ்விடத்தில் வைத்தியக் கல்வி மீண்டும் வேரூன்றிற்று. மொழி மட்டும் ஆங்கிலம்.

அப்பீடம் வளர்ந்த காலம் கொடிய யுத்த காலம். 1987 அக்டோபர் 21ஆம் நாள் ஆசுபத்திரிக்குள்ளேயே நோயாளரும் வைத்தியரும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1989 செப்டம்பர் 21ஆம் நாள், உடற்கூற்றுத் துறையின் தலைவராயிருந்த இராஜினி திராணகம அம்மையார், பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியிற் கொலையுண்டார். கிறீன் அங்காதிபாதம் என்று பெயரிட்ட அதே சாஸ்திரத்தைக் கற்பித்தவர் அவர். வைத்தியர் பலர் நாட்டைவிட்டு நீங்கினர். எஞ்சி நின்ற ஆசிரியர்கள் பீடத்தை மூடவில்லை. பின்னர்த் தாதியர் கல்வி, மருந்தாளர் கல்வி, ஆய்வுகூடப் பயிற்சி ஆகியனவும் அங்குப் பட்டப்படிப்புகளாயின.

இவ்வளவும் சொன்னபின் அப்பிள்ளையின் ஐயம் முற்றும் தீர்ந்ததோ அறியேன். கிறீன் நூல்களிற் சில இப்பொழுது இணையத்திற் படப் பிரதியாகக் கிடைக்கின்றன. மறுநாள் தன் தந்தையின் கைப்பேசியில் கெமிஸ்தத்தை இறக்கிக்கொண்டு வந்து நின்றான். முதற் பக்கத்திலேயே தடுமாறினான். ணை, லை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களை அவன் கண்டதில்லை. "ஐயா, இது என்ன எழுத்து?" என்றான். அன்று இலக்கண வகுப்பை நிறுத்திவிட்டு, கரும்பலகையில் அவ்வெழுத்துக்களை எழுதிக்காட்டினேன். இப்பொழுது நாளொன்றுக்கு இரண்டு பக்கம் வாசித்து வருகின்றான்; பொருள் விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கின்றேன்.