மரணசாதனமும் மலைநாட்டு உழைப்பாளரும்

ஒருவர் தம் உடைமையை விரும்பியவர்க்கு விட்டுச்செல்லும் உரிமை, உடைமை என ஒன்று இருப்பின் மட்டுமே பொருளுடையதாகும். இறம்பொடையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் இவ்வுண்மைக்குச் சான்றாவன.

மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்திலேயே இலங்கையின் மரணசாதனச் சட்டமும் உருப்பெற்றது. மரணசாதனம் நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும், அன்றேல் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிடப்பெறல் வேண்டுமென 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமோ, உரோம-டச்சுச் சட்டம் பிள்ளைகட்கு ஒதுக்கிய கட்டாயப் பங்கினை நீக்கி, முழுச் சுதந்திரம் வழங்கியது.

யாழ்ப்பாணத்தாரின் தேசவழமை மலையகத் தமிழர்க்கு உரியதன்று. இப்பொதுச் சட்டமே அவர்க்கும் உரியது. ஆயின் அவர் வாழ்ந்த லயன் அறை தோட்டத்தின் உடைமை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. வேரூன்ற இடமற்றவர் எதனை எழுதிவைப்பர்?

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. தம் சேமிப்பைப் பெறுதற்குரிய பின்னுரித்தாளியைத் தொழிலாளர் பெயர் குறித்து நியமிக்கலாயினர். அச்சிறு படிவமே பலர்க்கு மரணசாதனத்துக்கு ஈடாயிற்று எனலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்கும் குடியுரிமைக்கு வழிசெய்தது. குடியிருக்கும் மண்ணுக்கும் உறுதி கைவருங்காலே, 1844இற் பிறந்த சுதந்திரம் அவர்க்கும் நிறைவெய்தும்.