ஷவர்ல தண்ணி ஏன் சொட்டுது? நம்ம மாடித் தொட்டியின் கதை

இந்த வாரம் ராஜா கதை இல்லை, போர்க் கதை இல்லை. ஷவர் கதை.

போன மாசம் வீடு மாறினேன். தரைத் தளத்துக்கு மேல மூணு மாடி, நான் மூணாவது மாடி. காத்து வருது, வெளிச்சம் வருது, ஷவர்ல தண்ணி மட்டும் வரமாட்டேங்குது. கீழ்வீட்டுல நல்லா பீய்ச்சி அடிக்குது. எனக்கு ஒரே குழப்பம். தொட்டி என் தலைக்கு மேலதானே இருக்கு? பக்கத்துல இருக்கிற எனக்குத்தானே முதல்ல வேகமா வரணும்?

பிளம்பர் அண்ணா ஒருத்தர் வந்தார். ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டார். "ஒரு குழாய்ல மட்டும் கம்மியா, எல்லாத்துலயுமா தம்பி?"

இந்தக் கேள்வியைக் குறிச்சு வெச்சுக்கோங்க, பாதி வேலை இதுலயே முடிஞ்சுடும். ஒரு குழாயில் மட்டும் குறைவு என்றால் கோளாறு அந்தக் குழாயில்தான். முனையில் இருக்கும் வலையைக் கழற்றிப் பாருங்கள், உப்பும் மணலும் அடைத்திருக்கும். ஷவர் துளைகளும் அப்படித்தான். கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். கீழே இருக்கும் ஆங்கிள் காக் முழுதாகத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுடுதண்ணி மட்டும் குறைவு என்றால் கீஸர் பக்கம் உப்பு படிந்திருக்கலாம். எல்லாக் குழாயிலும் குறைவு என்றால் மாடிக்குத்தான் போகணும். தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேட் வால்வு பாதியில் மாட்டியிருக்கலாம், பைப்பில் காற்று அடைத்திருக்கலாம். பழைய இரும்பு பைப்பாக இருந்தால் உள்ளே துரு வளர்ந்து, தண்ணி போகிற வழியே சுருங்கியிருக்கலாம்.

என் வீட்டில் இது எதுவுமே இல்லை. அண்ணா டேப்பை எடுத்து அளந்தார். தொட்டியின் அடியிலிருந்து என் ஷவர் வரைக்கும் ஆறடி. "10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ பிரஷர் தம்பி. உங்களுக்கு ரெண்டு மீட்டர்கூட இல்லையே."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறடி என்றால் 1.8 மீட்டர், அதாவது 0.18 கிலோ. தரைத் தளத்துக்கு இன்னும் 30 அடி சேரும், அங்கே ஒரு கிலோவுக்கு மேல். தண்ணிக்குத் தொட்டி எவ்வளவு பக்கம் என்பது முக்கியமில்லை, எவ்வளவு உயரம் என்பதுதான் முக்கியம்.

அப்போதான் ஒரு கேள்வி வந்தது. உயரம்தான் விஷயம் என்றால், ஊருக்குப் பொதுவாக ஒரு உயரமான தொட்டி போதாதா? சென்னையில் ஏன் வீட்டுக்கு வீடு ஒரு சம்ப், ஒரு மோட்டார், ஒரு மாடித் தொட்டி?

ஊருக்கே ஒரு தொட்டி இருந்த காலம்

முதலில் கிணறுதான். 1772-இல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி கிழக்கிந்தியக் கம்பெனி ஜார்ஜ் டவுனுக்கு வடக்கே கிணறுகள் வெட்டி, கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனது. அந்த இடத்துக்கு இன்றைக்கும் ஏழு கிணறு என்றுதான் பெயர். அந்தத் தண்ணீர் கோட்டைக்கும் கம்பெனிக்காரர்களுக்கும். மற்றவர்களுக்கு அவரவர் கிணறு, குளம்.

அடுத்த நூறு வருஷம் கழித்து, 1866-இல் ஃபிரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டம் போட்டார். கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் தண்ணீரைத் திருப்புவது. அங்கிருந்து கீழ்ப்பாக்கம் வரை திறந்த கால்வாய். 1872-இல் தண்ணீர் வந்தது. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, பள்ளம் பார்த்து ஓடி வந்த தண்ணி.

இதில் ரெண்டு சிக்கல். திறந்த கால்வாயில் வருகிற தண்ணீரில் என்ன வேண்டுமானாலும் கலக்கும். இன்னொன்று, சென்னை தட்டையான ஊர். உயர வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதால் அழுத்தமும் கொஞ்சம்தான். அதாவது ஊர் முழுக்க என் மூணாவது மாடி மாதிரி.

இதைச் சரிசெய்ய வந்தவர் மாநகராட்சியின் தனிப் பொறியாளர் ஜே.டபிள்யூ. மேட்லி. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், பம்ப், உயரமான தொட்டி எல்லாம் வந்தன. தண்ணீரைச் சுத்தம் செய்து, மேலே ஏற்றி, அந்த உயரத்தின் அழுத்தத்தில் தெருக்களுக்கு அனுப்புவது. ஊருக்கே ஒரு மாடித் தொட்டி!

மேட்லி வருங்காலத்தையும் யோசித்தார். 1961-இல் மக்கள்தொகை சுமார் 6,60,000 இருக்கும் என்று வைத்துத் திட்டம் போட்டார். 1961 கணக்கெடுப்பில் சென்னை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

நடுவில் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி முன்னெடுத்த திட்டம், அதனால்தான் அது சத்தியமூர்த்தி சாகர். ஆனாலும் ஊர் வளர்ந்த வேகத்துக்குத் தண்ணீர் ஈடுகொடுக்கவில்லை. நாள் முழுக்க வர வேண்டிய தண்ணீர் சில மணி நேரம் வருகிற தண்ணீராகச் சுருங்கியது. 2003-04 வறட்சியில் குழாய்த் தண்ணீர் கிட்டத்தட்ட நின்றேபோய் லாரிதான் ஓடியது. 2019-ஐ நீங்களே பார்த்திருப்பீங்க.

ஆயா வீட்டுக் குழி

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாடியே எங்க ஆயா வீட்டில் பார்த்திருக்கிறேன். பெரம்பூரில் வாடகை வீடு. வாசலில் மூணடிக் குழி, அதற்குள் குழாய். ஆயா குழிக்குள் இறங்கிக் குடத்தை நிரப்பி மேலே தருவார், நான் வாங்கி வைப்பேன். "ஏன் ஆயா குழாயைக் கீழ வெச்சிருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "மேல வெச்சா தண்ணி ஏறாதுடா கண்ணு" என்றார்.

இப்போது கணக்கு புரிகிறது. மூணடி என்பது 0.1 கிலோகூட இல்லை. பைப்பில் அந்த அழுத்தம்கூட மிச்சமில்லாததால் ஆயா தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கினார். பிறகு அடிபம்பு வந்தது. வசதி இருந்தவர்கள் சம்ப் வெட்டினார்கள். மெதுவாக வருகிற தண்ணி குழியில் சேரும், மோட்டார் அதை மாடிக்கு ஏற்றும். ஊர்த் தொட்டி தர முடியாத உயரத்தை அவரவர் தன் காசில் கட்டிக்கொண்டார்கள். நம்ம மாடியில் நிற்கிற கறுப்புத் தொட்டிக்குப் பின்னாடி இருக்கிற வரலாறு இதுதான்.

அப்பா போட்ட மோட்டார்

இனி கொஞ்சம் சங்கடமான பகுதி.

நான் ஆறாவது படிக்கும்போது எங்க வீட்டில் சம்ப் இல்லை, வெட்ட இடமும் இல்லை. அப்பா ஒரு அரை ஹெச்பி மோட்டாரைத் தெருவிலிருந்து வருகிற பைப்பிலேயே நேராக மாட்டினார். அப்படிச் செய்யக்கூடாது என்று அவருக்குத் தெரியும், பக்கத்து வீடுகளும் அதைத்தான் செய்தன. முதல் நாள் தண்ணி கொட்டிய வேகத்தைப் பார்த்து நாங்க குதிச்சோம்.

பைப்பில் தண்ணீர் புதிதாகப் பிறப்பதில்லை. நம்ம மோட்டார் இழுத்தால் தெருக்கோடி வீட்டில் அழுத்தம் விழும். எங்க தெருக்கோடியில் ஒரு அக்கா இருந்தார், மோட்டார் வாங்க வசதி இல்லை. அவர் அடிபம்பில் காற்றுதான் வந்தது. காலையில் குடத்தோடு எங்க வீட்டுக்கு வருவார். அம்மா நிரப்பிக் கொடுப்பார். "உங்க புண்ணியம்க்கா" என்று சொல்லிட்டுப் போவார்.

அவர் வீட்டுக்குப் போகவேண்டிய தண்ணியை இழுத்து, அதை அவருக்கே கொடுத்து, நாங்க புண்ணியம் வாங்கியிருக்கோம். இது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது.

இன்னொன்றும் நடக்கும். பைப்பில் அழுத்தம் இருக்கும்வரை, ஓட்டை இருந்தால் தண்ணி வெளியேதான் கசியும். அழுத்தம் இல்லாமல் மோட்டார் உறிஞ்சினால் அதே ஓட்டை வழியாக வெளியே இருப்பது உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அதுவும்தான். அந்தத் தண்ணி மோட்டார் போட்டவர் வீட்டுக்கு மட்டும் போகாது, மொத்தத் தெருவுக்கும் போகும்.

சரி, என் ஷவர்?

அண்ணா ரெண்டு வழி சொன்னார். தொட்டியை இன்னும் உயரமான மேடையில் வைக்கலாம், ஆனால் தண்ணி நிறைந்த தொட்டியின் எடையைக் கட்டடம் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்லணும். இல்லையென்றால் தொட்டியிலிருந்து இறங்குகிற லைனில் ஒரு சின்ன பிரஷர் பம்ப். ஹவுஸ் ஓனரிடம் பேசி பம்ப் போட்டாச்சு. வேலை முடிந்ததும் அண்ணா சொன்னார்: "இது தொட்டிக்கு இந்தப் பக்கம்தான் தம்பி இருக்கணும். தெரு லைன்ல மட்டும் எவன் சொன்னாலும் போடாதீங்க."

தொட்டிக்கு இந்தப் பக்கம் என்றால் நம்ம பங்குத் தண்ணியை நாம வேகமாக வாங்குகிறோம். அந்தப் பக்கம் போட்டால் அடுத்தவர் பங்கை இழுக்கிறோம்.

இன்னைக்குக் காலையில் ஷவர் நல்லா வந்தது. நிற்கும்போது அந்த அக்கா ஞாபகம்தான். உங்க வீட்டு மோட்டார் எந்த லைனில் இருக்குன்னு ஒரு தடவை மாடிக்கும் வாசலுக்கும் போய்ப் பாருங்க. தெரு லைனில் இருந்தால் கழற்றச் சொல்லுங்க. உங்க வீட்டுல குழி, அடிபம்புக் கதை இருந்தா ஆயாகிட்டயோ தாத்தாகிட்டயோ கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.