பெயரும் படைப்பும்: விஞ்ஞானப் புனைகதையிற் புனைபெயர்களும் கற்பனை ஆசிரியர்களும்

நூலொன்றைக் கையிலெடுக்கும் வாசகன் முதலிற் காண்பது ஆசிரியரின் பெயரையே. எழுதியவர் ஆணா பெண்ணா, எந்நாட்டவர், எவ்வினத்தவர் என்பனவற்றை அப்பெயரைக் கொண்டே ஊகித்த பின்னர்தான் அவன் நூலினுட் புகுகின்றான். இலக்கிய வரலாறு எழுதுவோரும் பல வேளைகளில் இதே வழியிற் சென்று, ஆசிரியரின் வாழ்க்கையை நூலிலும் நூலின் பொருளை ஆசிரியரின் வாழ்க்கையிலும் தேடுகின்றனர். இவ்வழக்கம் எத்துணை உறுதியானது என்பதைச் சோதித்துப் பார்ப்பதற்கு விஞ்ஞானப் புனைகதையின் வரலாறு தக்கதொரு களமாகும். ஒருவர் பல பெயர்களில் எழுதியதும், பலர் ஒரு பெயரில் எழுதியதும், கதைப் பாத்திரமொன்றின் பெயரில் நூல் வெளிவந்ததும் இத்துறையில் நிகழ்ந்துள்ளன.

இவ்வழக்கத்தின் தொடக்கம் பெரும்பாலும் பொருளாதாரஞ் சார்ந்தது. 1926ஆம் ஆண்டு ஹியூகோ கேர்ண்ஸ்பாக் 'அமேசிங் ஸ்ரோரிஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கியதைத் தொடர்ந்து, மலிவான தாளில் அச்சிடப்பட்ட விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகள் அமெரிக்காவிற் பெருகின. அவற்றிற் சொல்லெண்ணிக்கைக்கு ஏற்பவே ஊதியம் வழங்கப்பட்டது. ஆகவே, எழுதிப் பிழைப்பவர் நிறைய எழுத வேண்டியிருந்தது. ஓர் இதழில் ஒரே பெயர் இருமுறை வருவதைச் சஞ்சிகையாசிரியர்கள் விரும்பாமையால், இரண்டாவது கதைக்கு வேறொரு பெயர் தேவைப்பட்டது. 1941ஆம் ஆண்டு மே மாத 'அஸ்ரௌண்டிங்' இதழில் றொபேட் ஹைன்லைனின் கதையொன்றும் அன்சன் மக்டொனால்ட் என்பவரின் கதையொன்றும் இடம்பெற்றன. இருவரும் ஒருவரே. ஹைன்லைனின் நடுப்பெயரையும் அவர்தம் அன்றைய மனைவியின் குடும்பப் பெயரையும் இணைத்துப் பிறந்தவரே மக்டொனால்ட். இதற்கு மறுதலையாக, அலெக்சாண்டர் பிளேட் என்னும் பெயர் பதிப்பகத்தாருக்கே உரியதாயிருந்தது; எழுத்தாளர் பலர் அப்பெயரில் எழுதினர். இங்குப் பெயர் ஒரு மனிதரைச் சுட்டவில்லை. பண்டத்தின் மேல் ஒட்டப்பட்ட வணிகச் சின்னமாகவே அது தொழிற்பட்டது.

ஆயினும் அக்காலத்திலேயே புனைபெயருக்கு வேறொரு பயனும் உண்டாயிற்று. விண்வெளிப் போர்க் கதைகளாற் புகழ்பெற்றிருந்த ஜோன் கம்பெல், 1934ஆம் ஆண்டு முதல் டொன் ஏ. ஸ்ருவேட் என்னும் பெயரில் அமைதியும் துயரமும் தோய்ந்த கதைகளை எழுதலானார். அவர்தம் மனைவி டோனா ஸ்ருவேட்டின் பெயரே அவ்வாறு உருமாறியது. தமிழில் விஞ்ஞானக் கதைகளைப் பெருவாரியான வாசகரிடம் எடுத்துச் சென்ற எஸ். ரங்கராஜனும் 'சுஜாதா' என்னும் தம் மனைவியின் பெயரிலேயே எழுதினார் என்பது இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. கம்பெலைப் பொறுத்தவரை, புதிய பெயர் புதிய நடைக்கு வழி திறந்தது. பழைய பெயருடன் வாசகர் பிணைத்து வைத்திருந்த எதிர்பார்ப்பிலிருந்து அவர் அதன் மூலம் விடுபட்டார்.

பெயர் மறைப்பின் காரணங்களை நாம் எளிதில் ஊகித்துவிடலாகாது என்பதற்கு சி. எல். மூர் நல்லதோர் எடுத்துக்காட்டு. கதரின் லூசில் மூர் என்ற இவ்வம்மையார், தாம் பெண் என்பதை மறைக்கவே முதலெழுத்துக்களைப் பயன்படுத்தினார் எனப் பலர் எழுதியுள்ளனர். உண்மைக் காரணமோ வேறு. அவர் இண்டியானாபொலிஸ் நகர வங்கியொன்றிற் பணியாற்றினார். தமக்கு வேறு வருமானமும் உண்டு என்பதை வங்கியினர் அறிந்தால் பொருளாதார மந்த காலத்தில் வேலை பறிபோகலாம் என அஞ்சினார். அவருடைய முதற் கதை 1933இல் வெளிவந்தது. அவரை ஆண் எனக் கருதிக் கடிதம் எழுதிய ஹென்றி கட்னர் என்னும் எழுத்தாளரே 1940இல் அவருடைய கணவரானார். பின்னர் இருவரும் இணைந்து லூயிஸ் பட்ஜெற் முதலிய பெயர்களில் எழுதினர்.

மூரின் வாழ்வில் தற்செயலாய் நிகழ்ந்த இம்மயக்கம், ஜேம்ஸ் டிப்றீயின் வரலாற்றில் இலக்கிய உலகிற்கே சோதனையாயிற்று. 1968இல் இப்பெயரிற் கதைகள் வெளிவரத் தொடங்கின. டிப்றீயை எவரும் நேரிற் கண்டதில்லை. தபாற்பெட்டி முகவரியொன்றே இருந்தது. எனினும், உர்சுலா லெ குயின் உட்பட எழுத்தாளர் பலர் அவருடன் கடித நட்புப் பூண்டிருந்தனர். சிறுவயதில் ஆபிரிக்கப் பயணம், போர்க்காலப் படைச் சேவை, உளவு நிறுவனப் பணி ஆகியன பற்றி அக்கடிதங்கள் கூறின. 1975இல் டிப்றீயின் கதைத்தொகுதிக்கு முன்னுரை எழுதிய றொபேட் சில்வர்பேர்க், ஹெமிங்வேயுடன் அவரை ஒப்பிட்டு, இவ்வெழுத்து ஆணுக்கே உரியது என வாதிட்டார். 1976இன் இறுதியில், டிப்றீ தம் தாயின் மரணத்தைப் பற்றி எழுதிய செய்தியைக் கொண்டு மரண அறிவித்தலைத் தேடியோர் உண்மையைக் கண்டனர். ஜேம்ஸ் டிப்றீ என்பவர் 1915இற் பிறந்த அலிஸ் ஷெல்டன் என்னும் பெண்மணியே. பெயரும் பழப்பாகுப் போத்தலொன்றிலிருந்து எடுக்கப்பட்டதாம்.

இங்குக் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. கடிதங்களிற் கூறப்பட்ட வாழ்க்கைச் செய்திகள் பொய்யல்ல. ஷெல்டன் ஆபிரிக்கா சென்றவர், படையிற் பணியாற்றியவர், மத்திய புலனாய்வு நிறுவனத்திலும் இருந்தவர். செய்திகள் மெய்யாயிருக்க முடிவு பொய்யானது. படையையும் உளவையும் அறிந்தவர் ஆணாகவே இருத்தல் வேண்டும் என்ற முற்கோளை டிப்றீ வழங்கவில்லை. வாசகரே அதனைக் கொண்டு வந்தனர். எனவே, புனைபெயர் மறைத்தது குறைவு. அது வெளிப்படுத்தியதே அதிகம்.

ஆசிரியர் என்னும் உருவம் வாசகர் மனத்திற் கட்டப்படுவதாயின், அவ்வுருவத்தையே கற்பனையாகப் படைத்துவிடலாமன்றோ? கேர்ட் வொனகட் 1965ஆம் ஆண்டு நாவலொன்றில் கில்கோர் ட்ரௌட் என்னும் வறிய விஞ்ஞானக் கதாசிரியனைப் படைத்தார். பின்வந்த நாவல்களிலும் அவனை உலவவிட்டார். 1975இல் ட்ரௌட்டின் பெயரில் மெய்யாகவே நூலொன்று கடைகளுக்கு வந்தபோது, அதனை வொனகட்டே எழுதினார் எனப் பலர் நம்பினர். எழுதியவர் பிலிப் ஹோசே பார்மர். முதலில் இசைவளித்த வொனகட் பின்னர் மனக்கசப்புற்றார். தாம் படைத்த பாத்திரத்துக்கு வேறொருவர் கை முளைத்ததை எந்த ஆசிரியர்தான் எளிதில் ஏற்பார்?

நோர்மன் ஸ்பின்ராட் இவ்விளையாட்டை வரலாற்று விமர்சனமாக்கினார். அவருடைய 'இரும்புக் கனவு' (1972) என்னும் நூலின் பெரும்பகுதி, அடொல்வ் ஹிட்லர் எழுதிய விஞ்ஞான நாவலாகவே அமைந்துள்ளது. 1919இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து சஞ்சிகை ஓவியராகவும் கதாசிரியராகவும் வாழ்ந்து மறைந்த ஒரு ஹிட்லரை அது கற்பிக்கின்றது. தூய இரத்தம், வெல்லற்கரிய வீரன், அழித்தொழிக்க வேண்டிய இழிந்த எதிரி ஆகியன அந்நாவலில் வருகின்றன. ஏனைய வீரசாகசக் கதைகளில் இவற்றையே நாம் மகிழ்ந்து படிக்கின்றோம். ஆசிரியர் பெயர் மாறியவுடன் அதே கதை அச்சுறுத்துகின்றது. பெயருக்கு முன்னரே கதையில் இருந்த நஞ்சை நாம் ஏன் காணவில்லை என்பதே ஸ்பின்ராட் எழுப்பும் வினா.

இதுவரை கூறியவற்றில் முகமூடி கழன்றமையாற் சிலர் நாணினர், சிலர் சினந்தனர். சோவியத் நாட்டிலோ அதன் விலை சிறைவாசமாயிற்று. அந்திரேய் சின்யாவ்ஸ்கி, யூலி டானியல் ஆகிய இருவரும் ஆப்ராம் தேர்ட்ஸ், நிக்கொலாய் அர்ஷாக் என்னும் பெயர்களில் விசித்திரக் கற்பனைப் படைப்புக்களை எழுதி வெளிநாட்டில் வெளியிட்டனர். மொஸ்கோவிற் கூனனாக மறைந்து வாழும் வேற்றுலக உயிரி ஒரு கதையில் வருகின்றது. கொலை செய்ய அரசே ஒருநாள் அனுமதியளிப்பதை வேறொரு கதை கூறுகின்றது. 1965 செப்ரெம்பரிற் கைதான இருவரும் 1966 பெப்ரவரியில் விசாரிக்கப்பட்டனர். பாத்திரங்களின் கூற்றுக்களே ஆசிரியர்களின் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. இருவரும் குற்றத்தை ஏற்கவில்லை. சின்யாவ்ஸ்கிக்கு ஏழாண்டும் டானியலுக்கு ஐந்தாண்டும் தண்டனை கிடைத்தது. 1973இற் பிரான்ஸ் நாட்டுக்குச் சென்ற பின்னரும் சின்யாவ்ஸ்கி தேர்ட்ஸ் என்ற பெயரைக் கைவிடவில்லை. மறைய வேண்டிய தேவை நீங்கிய பின்னும் அப்பெயர் நிலைத்ததெனின், அது வெறும் மறைவிடமன்று. வேறொரு குரல் என்பதே பொருள்.

சில்வர்பேர்க்கின் முன்னுரையையும் மொஸ்கோ நீதிமன்றத் தீர்ப்பையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. ஒன்று நேர்மையான பிழை, மற்றையது அதிகாரத்தின் வன்முறை. ஆயினும், இரண்டுக்கும் அடியிலுள்ள வாசிப்பு முறை ஒன்றே. எழுத்தைப் படிப்பதாகக் கூறிக்கொண்டு இரண்டும் எழுதியவரையே தேடின. ஆசிரியர் வரலாறு வேண்டாவென்பது இதன் கருத்தன்று. ஷெல்டனின் வாழ்க்கையை அறிந்த பின்னர் டிப்றீயின் கதைகள் மேலும் ஆழமாகவே விளங்குகின்றன. ஆனால், அவ்வறிவு வாசிப்பின் பின் வருதல் வேண்டும். வாசிப்புக்குப் பதிலாக வருதலாகாது. பெயரைக் கண்டவுடன் நூலின் பொருளைத் தீர்மானித்துவிடும் வாசகன், தான் ஏற்கெனவே அறிந்ததையன்றி வேறெதனையும் அந்நூலிற் காணமாட்டான்.