வெடிப்புக்கு முன் ஓர் இடைவெளி

வன்னியில் குளத்து நீரைத் தாங்கி நிற்பது மண்தான். இரணைமடுவும் சரி, வவுனிக்குளமும் சரி, மண்ணால் எழுப்பிய கட்டுகளே. துருசு, வான், வாய்க்கால் என்று நீர் விசையோடு பாயும் இடங்களில் அந்த மண்ணுக்கு ஒரு கவசம் வேண்டும். இன்று அது கொங்கிறீட். அதில் வெடிப்பு விழுந்தால் நீர் அடியில் புகுந்து மண்ணை அரிக்கும். மேற்பரப்பு முழுதாகத் தெரியும். கீழே பொந்து வளர்ந்துகொண்டிருக்கும்.

வவுனிக்குளத்தின் பழைய துருசுகளை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் ஆராய்ந்து, 1909 இல் வெளிவந்த 'ஏன்சியன்ட் சிலோன்' நூலில் எழுதினார். பழங்காலக் கட்டுமானத்தில் நெகிழ்வு கட்டுப்பொருளிலேயே இருந்தது. சுண்ணாம்புச் சாந்து மெல்ல இறுகும், சிறு அசைவுக்கு இடங்கொடுக்கும். மயிரிழை வெடிப்பில் நீர் கசிந்தால் கரைந்த சுண்ணாம்பே மீண்டும் படிந்து அதை அடைக்கும். ஈரமுள்ள களிமண்ணும் அப்படித்தான் வளைந்து கொடுக்கும்.

சீமெந்து அந்த இரக்கத்தைக் காட்டவில்லை.

இரணைமடுவின் வேலை 1902 இல் தொடங்கியது. பின்னர் அதன் கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. அந்த நூற்றாண்டில்தான் கொங்கிறீட் உலகெங்கும் நீர்க்கட்டுமானங்களில் பரவியது. வெப்பம் 30 பாகை கூடினால் 10 மீற்றர் நீளக் கொங்கிறீட் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளும். நீள இடமில்லாவிட்டால் பக்கத்துக் கொங்கிறீட் துண்டை நெருக்கி, ஓரங்களை உடைக்கும். அதனால் துண்டுகளுக்கிடையே இடைவெளி விடவேண்டும்.

1905 இல் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய ரயில் பாதையிலும் இதே கணக்கு இருந்தது: தண்டவாளத் துண்டுகளுக்கிடையே சிறு இடைவெளி. ஆனால் அங்கே அதை வெறுமையாக விடலாம். குளத்தில் விட முடியாது. இடைவெளி திறந்திருக்கவும் வேண்டும், நீர் புகவும் கூடாது. இந்த முரணைத் தீர்க்கவே தார் ஊறிய நார்ப்பலகை, தக்கை, உருக்கி ஊற்றும் தார், செப்புத்தகடு, பின்னர் றப்பர் மற்றும் பிவிசி நீர்த்தடுப்புப் பட்டிகள், பொலிசல்பைட் பசைகள் என வரிசையாக வந்தன.

இவற்றுள் தார் மலிவு. ஆனால் வன்னி வெயிலில் அது இளகி வழியும். ஆண்டுகள் போக வறண்டு நொருங்கும். பிறகு மணலும் கல்லும் அந்த இடத்தைப் பிடித்துவிடும். அப்படி அடைபட்ட இடைவெளி இல்லாததற்குச் சமம். வெடிப்பு வேறோர் இடத்தில் தன் வழியைத் தேடிக்கொள்ளும். கொங்கிறீட்டுக்குச் செலவழிக்கும் அக்கறையில் ஒரு பங்காவது இந்த மெல்லிய கோட்டுக்கு வேண்டும்.

மாரிக்கு முன், நீர் வற்றிய ஆவணி, புரட்டாதியில்தான் இந்த இடைவெளிகளைப் புதிதாக நிரப்ப வாய்க்கும். அப்போதும் உச்சி வெயில் ஆகாது. அந்நேரம் கொங்கிறீட் நீண்டு இடைவெளி ஒடுங்கியிருக்கும். அதில் இட்ட பசை, இரவுக் குளிரில் கொங்கிறீட் சுருங்கும்போது அளவுக்கு மீறி இழுபட்டுப் பிரியும். பழைய தாரைச் சுரண்டி, தூசியை ஊதி நீக்கி, ஈரம் காய்ந்தபின், வெயில் ஏறுமுன் நிரப்பவேண்டும்.