வானம் தோண்டுமுன்

கரிசல் சீமையில் வீட்டுக்கு அஸ்திவாரக் குழி வெட்டுவதை 'வானம் தோண்டுவது' என்பார்கள். மேலே சீறிப் போய் வெடிக்கிற சரக்குக்கு வாணம் என்று பெயர். ஒரு சுழிதான் வித்தியாசம். சிவகாசிப் பக்கத்து மனிதனுக்கு இரண்டுமே பிழைப்பு.

வெகு வருஷங்களுக்கு முன் விருதுநகருக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீடு கட்ட முனைந்தேன். முழங்கால் ஆழம் போனதும் கொத்தனார் கைநிறைய ஓடுகளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு.

"அண்ணாச்சி, இது நம்ம காலத்துச் சட்டி மாதிரித் தெரியலையே!" என்றார்.

எனக்கு அன்று சிமெண்டு விலைதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. "பழஞ்சட்டிதானே மேஸ்திரி, பள்ளத்திலே கொட்டுங்க" என்றேன். சரித்திர நாவல் எழுதுகிறவன் வாயிலிருந்து வந்த வார்த்தை! அந்த ஓடுகளின் மேல்தான் இன்று எங்கள் துவைக்கிற கல் நிற்கிறது.

இந்தப் பாவம் என்னை உறுத்தத் தொடங்கியது 2022-ல். வெம்பக்கோட்டைக்கு அருகே, வைப்பாற்றின் வடகரையில், விஜயகரிசல்குளம் கிராமத்து மேட்டில் அந்த ஆண்டு மார்ச்சு மாதம் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழாய்வு தொடங்கினார்கள். மேட்டுக்காடு என்று ஊரார் சொல்லும் அந்த இடம் சுமார் 25 ஏக்கர். சுற்றுவட்டாரமெங்கும் பட்டாசுத் தொழிற்சாலைகள். மேட்டைத் தோண்டினால் நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், தங்கத்தில் சிறு அணிகள்! 2023-லும் 2024-லும் வேலை தொடர்ந்தது.

என்னை மயக்கியவை சங்கு வளையல்கள். முழு வளையல்களோடு அரைகுறையாக வேலை முடிந்தவையும் கிடைத்தன. அணிந்தவர்கள் மட்டுமல்ல, அறுத்தவர்களும் அங்கேயே இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? சங்கோ கடல் சரக்கு. வைப்பாறு போய் விழுவது மன்னார் வளைகுடாவில். ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையிலிருந்துதான் எங்கள் ஊர்ப் பெருமையை நாங்கள் ஆரம்பிப்போம். அதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தக் கந்தக பூமியில் பட்டறை நடந்திருக்கிறது.

அந்த மேட்டில் வீடோ பட்டாசு ஷெட்டோ ஏறியிருந்தால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் கேட்டால் கட்டடத்துக்குக் கட்டடம் எவ்வளவு தூரம், இடிதாங்கி உண்டா, தண்ணீர்த் தொட்டி உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும், உயிர் விஷயம். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேள்வி இல்லை. மத்திய சர்க்கார் 1958-ல் போட்ட புராதனச் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் ஒரு திருத்தம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக்கூடாது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கிக் கட்டலாம். நல்ல வேலிதான். ஆனால் பட்டியலில் பேர் ஏறாத மேட்டுக்கு வேலி ஏது?

லண்டனில் குண்டு விழுந்து பாழான ஒரு மனையில், புது ஆபீஸ் கட்டடம் எழும்புமுன் கிரைம்ஸ் என்ற அறிஞர் தோண்டிப் பார்த்தார். 1954 செப்டம்பரில், வேலை முடிகிற தறுவாயில், மித்ர தேவனின் சலவைக்கல் தலை கிடைத்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்களாம். மந்திரி சபையே கூடி அதைப் பேசியது. கோயிலைப் பெயர்த்து வேறிடத்தில் அடுக்கினார்கள். 2017-ல் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. 1990 முதல் இங்கிலாந்தில், கட்ட வருகிறவனே தன் செலவில் முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்ற முறை வந்தது.

நமக்கும் இது தெரியாததல்ல. நாகார்ஜுனசாகர் அணை நீரில் மூழ்குமுன், 1954 முதல் 1960 வரை நாகார்ஜுனகொண்டாப் பள்ளத்தாக்கைத் தோண்டி, முக்கியமான கட்டடங்களைக் குன்றின் மேல் கொண்டுபோய் வைத்தவர்கள்தானே நாம்! அணைக்குச் செய்ததை ஐந்து சென்ட் மனைக்கும் அதே அளவில் செய்யச் சொல்லவில்லை. வானம் தோண்டுமுன் விஷயம் தெரிந்த ஒருவர் வந்து ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்கிறேன்.

போன மாதம் என் பக்கத்து மனையில் வானம் தோண்டினார்கள். ஓடு கிடந்தால் எடுத்து வைக்கும்படி முதல் நாளே சொல்லியிருந்தேன். காலையில் ஜே.சி.பி. சத்தம் கேட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் மண் லாரி இரண்டாம் நடை கிளம்பிவிட்டது.