தமிழ்க் கிறித்தவ வழிபாட்டில் பாட்டும் பண்ணும்

தமிழகச் சீர்திருத்தத் திருச்சபைகளில் இருவகைப் பாடல்கள் வழங்கி வருகின்றன. மேலைநாட்டு மெட்டிற்கு அமைந்தவை ஞானப்பாட்டுகள். இராகம், தாளம் பற்றி அமைந்தவை கீர்த்தனைகள். சொல்லுக்கும் இசைக்கும் உள்ள உறவு இவ்விரண்டிலும் ஒரு தன்மையதன்று.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலாக, பப்ரீசியஸ் (1711–1791) உள்ளிட்டோர் செருமானியப் பாடல்களைத் தமிழாக்கினர். மெட்டு முன்னரே முடிந்திருந்தமையால் சொல்லே அதற்கு வளைய நேர்ந்தது. செருமன் மொழியில் அழுத்தம் பெறும் அசை மெட்டின் வலிய இடத்தில் விழும். தமிழிலோ பொருளை வேறுபடுத்துவது அழுத்தமன்று. குறில், நெடில் என்னும் அளவேயாம். மெட்டு நீளுமிடத்தில் குறில் நிற்பின் ‘மலை’ ‘மாலை’யாகவும், ‘விடு’ ‘வீடு’ ஆகவும் செவியிற்படும். மெட்டு மூச்சுவிடும் இடத்தில் சொல் பிளவுபடுதலும் உண்டு. படிப்பார்க்கு வகையுளி பொறுக்கத்தக்கது, கேட்பார்க்கு அன்று. எனினும், இசைப்பயிற்சி இல்லாதாரும் ஒருங்கே பாடுதற்கு இம்மெட்டுகள் ஏற்றவை என்பதை இவற்றை எள்ளுவோர் மறந்துவிடுகின்றனர்.

கீர்த்தனையின் நெறி வேறு. சுவார்ட்சிடம் பயின்று, ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இந்நெறிக்கு முதன்மையானவர். (மாயூரம் வேதநாயகம் பிள்ளையை இவரொடு மயங்குவார் இன்றும் உளர்.) கீர்த்தனையில் சரணத்தின் இறுதி எச்சமாக நின்று பல்லவியின் வினைகொண்டு முடிதல் உண்டு. ஆண்டுப் பல்லவிக்குத் திரும்புதல் வெறும் இசைமரபன்று. வாக்கியம் நிறைவுறும் இடமும் அதுவே. இசை நீட்சிக்கு நெடில் இடந்தருகிறது. அடிதோறும் வரும் எதுகை தாளத்தின் சுழற்சியைச் செவிக்கு உணர்த்துகிறது.

புதிதாக வந்த மிஷனரிமார் தமிழ்ப்பாடல்களையும் இசைக்கருவிகளையும் வழிபாட்டினின்று விலக்க முற்பட்டபோது, சாஸ்திரியார் 1829இல் அதனைக் கொடுமைகளுள் ஒன்றாக எண்ணி எழுதினார். அதே எழுத்தில் சாதி வேற்றுமையைக் காக்கும் வாதமும் இடம்பெற்றிருத்தல் மறைக்கத்தக்கதன்று. இசை பற்றிய முறையீடு தகவுடையது. ஆயின் அக்காலத் தஞ்சைச் சபையில் அது தனித்து நின்ற முறையீடன்று.

1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். விலக்கப்பட்டது இவ்வாறு மிஷனரி ஒருவர் வழியாகவே நூலுருப் பெற்றது. பின்னர் ஆர்மோனியத்தின் நிலைத்த சுரங்களில் கமகம் தேயலாயிற்று. சபையோர் அனைவரும் ஒருங்கே பாடுமிடத்துக் கீர்த்தனை அசைக்கொரு சுரமாகி, ஞானப்பாட்டின் நடையை நெருங்குதலைக் கேட்கலாம்.