மணி அடித்த ராத்திரி

சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே ஒரு மைதானம். வரிசையாகப் பாயை விரித்துப் போட்டுக் குப்புறப் படுத்திருக்கிறார்கள். ஸ்கூல் பையன், அவனுடைய அப்பா, ரிட்டயர்டான ஒரு பாட்டி, ஐ.டி. கம்பெனி ஆசாமி என்று கலவையான கூட்டம். எல்லார் கையிலும் ரைஃபிள். எதிரே 25 மீட்டர் தூரத்தில் ஒரு காகிதம்.

25 மீட்டர் என்ன பெரிய தூரம் என்று கேட்பீர்கள். காகிதத்தில்தான் சூட்சுமம். அதில் நாலைந்து மனித உருவங்கள், பெரிதும் சின்னதுமாக. 400 கஜத்துக்கு அப்பால் ஒருவன் நின்றால் எவ்வளவு பொடியாகத் தெரிவானோ, அந்த அளவில் ஓர் உருவம். 300 கஜத்துக்கு ஒன்று, 200-க்கு ஒன்று, 100-க்கு ஒன்று. எல்லா உருவமும் சிவப்பு. மொத்தம் 13 குண்டுகள்தான் தருவார்கள்.

ஏன் சிவப்பு? ஏன் 13? அங்கேதான் சரித்திரம் உள்ளே வருகிறது. சிவப்பு, பிரிட்டிஷ் சிப்பாயின் சட்டை. 13, அமெரிக்கா என்று ஒரு தேசம் உருவாவதற்கு முன்னால் அங்கே இருந்த காலனிகளின் எண்ணிக்கை.

இந்த இரண்டு நாள் பயிற்சிக்கு 'ப்ராஜெக்ட் ஆப்பிள்சீட்' என்று பெயர். 2000-களின் நடுவில் தொடங்கியது. ஊர் ஊராகப் போய் ஆப்பிள் விதை ஊன்றிய ஜானி ஆப்பிள்சீட் என்ற மனிதரின் ஞாபகமாக வைத்த பெயர். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது, கண்ணை எதில் வைப்பது, ட்ரிக்கரை எப்படி மெதுவாக அழுத்துவது, குண்டு போன பிறகும் ஏன் அசையாமல் இருப்பது என்று படிப்படியாகச் சொல்லித் தருவார்கள். நடுநடுவே துப்பாக்கிகளைக் கீழே வைக்கச் சொல்லி, எல்லாரையும் உட்காரவைத்துக் கதை சொல்வார்கள். ஒரே ஒரு நாளின் கதை. 1775, ஏப்ரல் 19.

சுடுவதற்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கு நடந்ததை முதலில் பார்த்துவிடலாம். பிறகு நீங்களே சொல்லுங்கள்.

வம்பு தேயிலையில் ஆரம்பித்தது. நம்மூரில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. அதற்கு வரி கொடுக்கமாட்டோம் என்று 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். லண்டனுக்குக் கோபம் வந்தது. துறைமுகத்தை மூடினார்கள். ஜெனரல் தாமஸ் கேஜ் என்பவரை மாசசூசெட்ஸுக்கு கவர்னராக அனுப்பினார்கள். கூடவே பட்டாளம்.

கேஜ் முட்டாள் இல்லை. ஜனங்களைச் சுடுவதைவிட அவர்களுடைய வெடிமருந்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது புத்திசாலித்தனம் என்று நினைத்தார். 1774 செப்டம்பர் முதல் தேதி விடிகாலையில் ஒரு கிடங்கைக் காலி செய்தார். ஒரு உயிர்ச்சேதம்கூட இல்லை. ஆனால் செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கான பேர் ஆயுதத்தோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

வந்தார்களே தவிர, தாமதமாக வந்தார்கள். சரக்கு போன பிறகு வந்து என்ன பிரயோஜனம்? அந்தக் கேள்விக்குத்தான் அடுத்த ஏழு மாதங்கள் அவர்கள் பதில் தேடினார்கள்.

என்ன செய்தார்கள் தெரியுமா? கூட்டம் போட்டார்கள். ஊர்க்கூட்டம். வரவு செலவு பேசினார்கள். எந்த ஊரில் எத்தனை துப்பாக்கி, எவ்வளவு வெடிமருந்து என்று கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே ஊர்க்காவல் படை உண்டு. மிலிஷியா என்பார்கள். அதிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து, கூப்பிட்ட நிமிஷம் கிளம்பத் தயாராக இருக்கவேண்டும் என்றார்கள். அவர்கள்தான் 'மினிட்மேன்'. பயிற்சிக்கு வந்தால் கூலி உண்டு. தலைவனை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆபத்து என்றால் யார் யாருக்குச் சொல்வது, எந்த ஊர் மணி அடித்தால் அடுத்து எந்த ஊர் மணி அடிக்கவேண்டும் என்று எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்தாயிற்று.

ஏப்ரல் 18 ராத்திரி. பாஸ்டனிலிருந்து சுமார் 700 சிப்பாய்கள் சத்தமில்லாமல் கிளம்பினார்கள். இலக்கு, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருந்த கன்கார்ட் என்ற ஊர். அங்கே பீரங்கிகள், வெடிமருந்து, மாவு மூட்டைகள் எல்லாம் பதுக்கி வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் பால் ரிவியர் குதிரையில் வருவார். வெள்ளித் தட்டு செய்கிற கைவினைஞர். 'பிரிட்டிஷ்காரன் வர்றான்' என்று கத்திக்கொண்டே போனார் என்பார்கள். அப்படிக் கத்தியிருக்க முடியாது. ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாருமே அன்றைக்குத் தங்களை பிரிட்டிஷ்காரர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'பட்டாளம் கிளம்பிவிட்டது' என்பதுதான் அவர் சொன்ன சேதி.

இன்னொன்றும் உண்டு. ரிவியர் கன்கார்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. வழியில் பிடிபட்டுவிட்டார். கூட வந்த வில்லியம் டாவ்ஸ் தப்பித்தார், ஆனால் அவரும் போய்ச் சேரவில்லை. சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் வழியில் தற்செயலாக இவர்களோடு சேர்ந்துகொண்ட சாமுவேல் பிரெஸ்காட் என்ற இளம் டாக்டர். ஒரு ஆள் விழுந்தால் சேதி நின்றுவிடவில்லை பாருங்கள். அதற்குள் ஊருக்கு ஊர் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. பெயர் தெரியாத எத்தனையோ பேர் எத்தனையோ திசைகளில் குதிரையைத் தட்டிவிட்டிருந்தார்கள்.

விடிகிற நேரத்தில் பட்டாளம் லெக்சிங்டன் என்ற ஊருக்குள் நுழைந்தது. ஊர்ப் புல்வெளியில் சுமார் 77 பேர் நின்றிருந்தார்கள். தலைவர் ஜான் பார்க்கர். காசநோய்க்காரர், அந்த வருஷ செப்டம்பரைத் தாண்டவில்லை. வரிசையில் பிரின்ஸ் எஸ்டாப்ரூக் என்று ஒரு கறுப்பர் இருந்தார். அடிமை. தன்னுடைய விடுதலை தன் கையில் இல்லாத மனிதர், ஊரின் விடுதலைக்காகத் துப்பாக்கியோடு நின்றார். அன்றைக்குக் காயமும் பட்டார். அவருக்கு விடுதலை கிடைத்தது பின்னால்தான்.

77 பேர் எங்கே, 700 பேர் எங்கே! கலைந்து போகச் சொன்னார் பார்க்கர். கலைய ஆரம்பித்தார்கள். அப்போது ஒரு வெடிச்சத்தம்.

யார் சுட்டது? இன்றுவரை தெரியாது. இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கம் என்பார்கள். அந்தப் பக்கம் கேட்டால் இந்தப் பக்கம். உத்தரவு இல்லாமலேயே சிப்பாய்கள் சுடத் தொடங்கினார்கள். புகை அடங்கியபோது லெக்சிங்டன்காரர்கள் 8 பேர் செத்திருந்தார்கள். 10 பேருக்குக் காயம்.

சனிக்கிழமை வகுப்பில் சொல்லித் தருகிற பாதுகாப்பு விதி ஒன்று: குறி பார்த்து முடிகிறவரை ட்ரிக்கரில் விரல் வைக்காதே. ஒரு தேசத்தின் சரித்திரம் அந்த விதியை யாரோ மீறியதில் தொடங்கியிருக்கலாம் என்று யோசித்தால் கொஞ்சம் சில்லென்று இருக்கிறது, இல்லையா?

பட்டாளம் கன்கார்டுக்குப் போனது. பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. முக்கியமான சரக்கை முன்பே இடம் மாற்றியிருந்தார்கள். கிடைத்த மரச் சாமான்களைக் கொளுத்தினார்கள் சிப்பாய்கள். ஊருக்கு வெளியே குன்றின்மேல் அதற்குள் சுமார் 400 பேர் சேர்ந்திருந்தார்கள். புகையைப் பார்த்தார்கள். ஊரையே கொளுத்துகிறான் என்று நினைத்தார்கள். வடக்குப் பாலத்தை நோக்கி இறங்கினார்கள். அவன் சுடாமல் நீங்கள் சுடக்கூடாது என்று உத்தரவு.

முன்வரிசையில் ஆக்டன் என்ற பக்கத்து ஊர்க்காரர்கள். தலைவர் ஐசக் டேவிஸ், வயது 30. தொழில், துப்பாக்கி செய்வது. தன் வீட்டுப் பின்புறத்திலேயே சுடும் மைதானம் அமைத்து, வாரத்தில் இரண்டு நாள் தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இன்றைய சனி ஞாயிறு வகுப்புக்கு ஒரு மூதாதையைத் தேடினால் இவர்தான். பிரிட்டிஷ்காரர்கள் சுட்டதில் பாலத்தருகே முதலில் விழுந்தவரும் இவர்தான். அதன் பிறகுதான் காலனிக்காரர்களுக்குச் சுடும்படி உத்தரவு வந்தது. ராஜாவின் படையில் மூன்று பேர் செத்தார்கள். பட்டாளம் பின்வாங்கியது.

திரும்பிப் போகிற வழிதான் நரகம். கல்சுவர், மரம், வீடு என்று ஒவ்வொன்றின் பின்னாலிருந்தும் குண்டு. காலையில் கலையச் சொன்ன பார்க்கர், மத்தியானம் தன் ஆட்களோடு வழியில் காத்திருந்தார். மெனோட்டமி என்ற ஊரில் சாமுவேல் விட்மோர் என்று எண்பதை நெருங்கிய ஒரு தாத்தா தனியாக நின்று சுட்டார். முகத்தில் குண்டு, உடம்பெல்லாம் பயனெட் குத்து. செத்தார் என்று விட்டுவிட்டுப் போனார்கள். தாத்தா அதற்கப்புறம் 18 வருஷம் இருந்துவிட்டு, 1793-ல்தான் போய்ச் சேர்ந்தார்!

சாயங்காலம் கணக்கு பார்த்தால் பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர் சாவு, 174 பேருக்குக் காயம், 26 பேரைக் காணோம். காலனிக்காரர்களில் 49 பேர் செத்திருந்தார்கள். லார்ட் பெர்சி சுமார் 1,000 பேரோடும் பீரங்கியோடும் நடுவழியில் வந்து காப்பாற்றியிராவிட்டால் 700 பேரில் எத்தனை பேர் திரும்பியிருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை.

ஆச்சா? அப்படியென்றால் குறிபார்த்துச் சுடும் விவசாயிகள் ஜெயித்தார்கள், அதனால் வாருங்கள், நாமும் சுடக் கற்றுக்கொள்வோம். கதையின் நீதி இதுதானே?

இல்லை. மறுபடியும் கணக்கைப் பாருங்கள். நாள் முடிவதற்குள் வந்து சேர்ந்த ஊர்க்காவல் ஆட்கள் சுமார் 4,000 பேர். பெரும்பாலும் நாள் முழுக்கச் சுட்டார்கள். குண்டு பட்டது சுமார் 250 பேருக்கு. ஆளுக்கு ஒரு குண்டுகூடக் குறியில் படவில்லை!

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் கையில் இருந்தது ரைஃபிளே இல்லை. பெரும்பாலும் மஸ்கட். என்ன வித்தியாசம்? பம்பரம் சுற்றும்வரை நேராக நிற்கும், சுற்று நின்றால் சாயும், இல்லையா? ரைஃபிளின் குழலுக்குள் திருகு மாதிரி பள்ளங்கள் உண்டு. குண்டு அதில் சுழன்று வெளியே வருவதால் நேராகப் போகும். மஸ்கட்டின் குழல் உள்ளே வழவழ. குண்டு லொடலொடவென்று உருண்டு வந்து, போன திசையில் போகும். 100 கஜத்தில் ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம். பிரிட்டிஷ் டிரில்லில் 'குறி பார்' என்று ஓர் உத்தரவே கிடையாது. 'நீட்டு', 'சுடு', அவ்வளவுதான்.

ரைஃபிள்காரர்கள் பிறகுதான் வந்தார்கள். 1775 ஜூன் 14 அன்று பென்சில்வேனியா, மேரிலாண்ட், வர்ஜினியாவிலிருந்து ரைஃபிள் கம்பெனிகளைத் திரட்ட காங்கிரஸ் தீர்மானம் போட்டது. அமெரிக்க ராணுவம் இன்றும் பிறந்தநாள் கொண்டாடுவது அந்தத் தேதியில்தான். டேனியல் மார்கனின் ரைஃபிள் படை 1777-ல் சரடோகாவில் வெளுத்து வாங்கியது உண்மை. ஆனால் ஏப்ரல் 19-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் ஏப்ரல் 19-ல் ஜெயித்தது எது?

மணி ஜெயித்தது. ஏழு மாதம் உட்கார்ந்து பேசிய ஊர்க்கூட்டம் ஜெயித்தது. நடுராத்திரியில் அடித்த மணிக்கு மத்தியானத்துக்குள் பத்துப் பதினைந்து மைலிலிருந்து ஆட்கள் வந்தார்களே, அது ஜெயித்தது. ஒவ்வொருவரும் சுமாராகத்தான் சுட்டார்கள். ஆனால் ஒவ்வொருவரும் வந்தார்கள்.

சண்டைக்குப் பிறகு அவர்கள் செய்த வேலை இன்னும் பிரமாதம். கண்ணால் பார்த்தவர்களை வரிசையாக உட்காரவைத்து வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். ஜான் டெர்பி என்ற கேப்டன் 'க்வெரோ' என்ற சின்னக் கப்பலில் அவற்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஜெனரல் கேஜின் ரிப்போர்ட் அதற்கு நாலு நாள் முன்பே வேறொரு கப்பலில் கிளம்பிவிட்டிருந்தது. ஆனாலும் மே 28 அன்று டெர்பி லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டார். அரசாங்கத்தின் ரிப்போர்ட் வந்தது கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து. அதுவரை லண்டன் படித்தது காலனிக்காரர்களின் கதையைத்தான்.

இதெல்லாம் பழங்கதை இல்லையா, இன்றைக்கு எதற்கு? அமெரிக்காவில் இது இன்னும் முடியாத சண்டை. 1791-ல் அவர்களுடைய அரசியல் சட்டத்தில் சேர்த்த இரண்டாவது திருத்தம் ஒற்றை வாக்கியம். ஒழுங்குபடுத்தப்பட்ட மிலிஷியா அவசியம் என்று ஆரம்பித்து, ஜனங்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையில் முடியும். வாக்கியத்தின் முன்பாதியை ஒரு கட்சி பிடித்து இழுக்கிறது, பின்பாதியை இன்னொரு கட்சி. மிலிஷியாவில் இல்லாத தனிமனிதனுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. சண்டை ஓயவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கியோடு எவனோ நுழைந்தான் என்று செய்தி வரும்போதெல்லாம் அந்த ஒற்றை வாக்கியம் மறுபடி கோர்ட்டுக்கும் தெருவுக்கும் வருகிறது.

1775-ன் ஆட்கள் அந்த வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். துப்பாக்கி டேவிஸின் வீட்டில் இருந்தது. ஆனால் எப்போது எடுப்பது, யார் பின்னால் நடப்பது, எதுவரை சுடாமல் பொறுப்பது என்பதெல்லாம் ஊரின் தீர்மானம். தனியாகத் துப்பாக்கி வைத்திருந்த 4,000 பேர் அல்ல அவர்கள். பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரிந்த 4,000 பேர்.

ஞாயிறு சாயங்காலம் மைதானத்தில் காகிதங்களை எடுத்து மார்க் போடுவார்கள். 250-க்கு 210 எடுத்தவர்களுக்கு 'ரைஃபிள்மேன்' என்று ஒரு பேட்ச். மூச்சும் கண்ணும் விரலும் ஒத்துழைத்தால் இரண்டு நாளில் அதை வாங்கிவிடலாம்.

ஐசக் டேவிஸ் வரிசையில் நிற்க அது போதாது. அதற்கு, நடுராத்திரியில் மணி அடித்தால் நம் தெருவில் எந்தெந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்திருக்கவேண்டும். உங்கள் தெருவில் எத்தனை திறக்கும்?